வெயில் நேரத்தில் மறையும் படம்



மார்ச் மாதம். பகல் நேரம். வானத்தில் மேகமே இல்லை. ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடுகிறது. திடீரென்று படம் கட்டம் கட்டமாக உடைகிறது. பிறகு மறைந்தே போகிறது.

பெட்டி கெட்டுவிட்டது என்று சிலர் பயப்படுகிறார்கள். பழுது பார்ப்பவரை அழைத்துப் பணம் கொடுக்கிறார்கள். சிலர் கூரையில் ஏறி டிஷ்ஷைத் திருப்புகிறார்கள். நன்றாக இருந்த டிஷ் அதனால்தான் கெடுகிறது.

உண்மையில் பெட்டியில் பழுது இல்லை. இதற்குச் சூரியக் குறுக்கீடு என்று பெயர்.

இது எப்படி நடக்கிறது?

செயற்கைக்கோள் பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுழலும் அதே வேகத்தில் அதுவும் சுற்றுகிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். டிஷ் எப்போதும் அதன் பக்கமே திரும்பியிருக்கும்.

ஆண்டுக்கு இரண்டு முறை, சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருகிறது. சூரியன் ஒளியை மட்டும் தருவதில்லை. வானொலி அலைகளையும் அனுப்புகிறது. செயற்கைக்கோளின் அலையோ மிக மெல்லியது. திருவிழா மேளச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேச்சு கேட்குமா? அதுபோலத்தான் இதுவும்.

இந்தியாவில் மார்ச் மாதத்தை ஒட்டி ஒரு முறை வரும். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மறுமுறை வரும். நாளுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கும். சில நாட்களில் தானாகவே நின்றுவிடும்.

அடையாளம் கண்டுபிடிப்பது எளிது. தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படம் போகும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் போகும். சிறிது நேரத்தில் தானாகத் திரும்பும். அரை மணி கழித்தும் படம் வராவிட்டால் மட்டும் வயரைப் பார்க்க வேண்டும்.

இப்படித் தடை வருவதால் டிஷ் தொலைக்காட்சிக்கு எதிர்காலம் இல்லையா? அப்படி இல்லை. 1975-76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியால், 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள் தொலைக்காட்சி பார்த்தன. அந்த நாளிலிருந்து சூரியனும் இருக்கிறது, தொலைக்காட்சியும் வளர்ந்திருக்கிறது.

இப்போது பலர் செல்போனில் இணையம் வழியாகப் படம் பார்க்கிறார்கள். மண்ணுக்குள் போகும் இணையக் கம்பியைச் சூரியன் தடுக்காது. ஆனால் அதற்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். தூர்தர்ஷன் 2004இல் தொடங்கிய இலவச டிஷ் சேவைக்கு மாதக் கட்டணம் கிடையாது. கம்பி போகாத மலைக்கும் தீவுக்கும் செயற்கைக்கோளின் அலை போய்ச் சேரும். ஏழை வீட்டுக்கு இது பெரிய உதவி.

சூரியக் குறுக்கீடு வரும் நாட்களில் பல சேனல்கள் திரையின் அடியில் ஒரு வரி ஓட விடுகின்றன. தடை வரும் நேரம் அதில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவருக்கு அந்த ஒரு வரி போதும். வீண் செலவும் இல்லை, வீண் பயமும் இல்லை.