பங்கீட்டு அரிசியும் ஏழையின் வாக்கும்

(கடலூரிலும் சிதம்பரத்திலும் நிகழ்த்திய பொழிவின் எழுத்து வடிவம்)



மொழிக்கும் இனத்திற்கும் உழைப்போரிடையே நெடுநாளாக ஒரு பேச்சு உலவி வருகின்றது. “இம்மக்களிடம் எதைச் சொல்லி என்ன? அரிசி போடுகின்றவனுக்கு வாக்களிப்பார்கள். அரிசியைக் குறைத்தால் மாற்றிக் குத்துவார்கள். இவர்களுக்கா இனமானம்?” என்பது அப்பேச்சு. வயிறு நிறைந்தவர் வாயில் அது எளிதாக வந்துவிடுகின்றது. கடந்த தேர்தல்களைச் சற்றே புரட்டிப் பார்ப்பவர் அப்படிப் பேச மாட்டார்.

1965 சனவரி 27 அன்று சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தியெதிர்ப்புப் போரில் காவல்துறையின் குண்டுக்கு இரையானார். அதே காலத்தில்தான் பக்தவத்சலம் ஆட்சியில் அரிசிக்குப் பெருந்தட்டுப்பாடு வந்தது. மொழித்தீயும் வயிற்றுத்தீயும் ஒருங்கே மூண்டன. உரூபாவுக்கு மூன்று படி அரிசி இலக்கு, ஒரு படி உறுதி என்றது தி.மு.க. 1967-இல் பேராயக் கட்சி வீழ்ந்தது. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். அன்றிழந்த ஆட்சியை அக்கட்சி தமிழகத்தில் மீண்டும் பெறவேயில்லை.

ஆனால் அதன்பின் நடந்ததென்ன? உரூபாவுக்கு ஒரு படி என்பது சென்னையிலும் கோவையிலும் மட்டும் தொடங்கப்பெற்றது, அதுவும் நிலைக்கவில்லை. அரிசிக்காகவே வாக்களித்தவர்கள் என்றால், 1971-இல் அக்கட்சியைத் தூக்கி எறிந்திருக்க வேண்டுமே! மாறாக 184 இடங்களைக் கொடுத்தனர். இந்திராவோடு வைத்த கூட்டும் அதற்குத் துணை நின்றது, மறுப்பதற்கில்லை. எனினும் படி நின்றபோதும், ‘இது நம்மவர் ஆட்சி’ என்னும் நினைப்பு நிற்கவில்லை என்பதே முதற்கரணியம். எவரையும் தனியே பிரித்து, ‘உனக்கில்லை, போ’ என்று அன்று சொன்னாரில்லை.

அப்படிச் சொன்னது 2001-க்குப் பின் வந்த செயலலிதா ஆட்சி. திங்களுக்கு 5,000 உரூபாவுக்குமேல் வருவாயுடைய குடும்பம் அரிசி பெறுவதற்கில்லை என்று கூறிக் குடும்ப அட்டையில் ‘எச்’ என்று குறித்தார்கள். (தமிழ்க் குடும்பத்துக்குச் சோறில்லை என்று சொல்வதற்கும் ஆங்கில எழுத்துத்தான் வேண்டியிருந்தது!) உழவர்களின் விலையில்லா மின்சாரம் 2003-இல் நிறுத்தப்பட்டது. வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1 இலக்கத்து 70 ஆயிரம் அரசூழியர்களும் ஆசிரியர்களும் அவ்வாண்டு சூலையில் ஒருசேர வேலை நீக்கப்பட்டார்கள்.

காவிரி பொய்த்த ஆண்டுகளும் அவையே. கடைமடைப் பகுதியான சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களில் நடவுமில்லை, அறுப்புமில்லை. ஊருக்கெல்லாம் நெல் விளைத்துக் கொடுத்த கைகள் பங்கீட்டுக் கடை வாயிலில் பையோடு நின்ற காலம் அது. அத்தகைய நேரத்தில் அட்டையைப் புரட்டிப் பார்த்து, உனக்குண்டு, உன் அண்டை வீட்டானுக்கில்லை என்று பிரிப்பது வெறும் கணக்கு வேலையா? குறைந்தது எத்தனைக் கிலோ என்பதைவிட, தான் கணக்கிலிருந்தே தள்ளப்பட்டோம் என்பதுதான் ஏழையைச் சுடுகின்றது. இன்று தப்பியவனும், நாளை தன் அட்டைக்கும் அவ்வெழுத்து வரும் என்று அஞ்சினான்.

2004 மேத்திங்களில் ஆளுங்கட்சி அணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. எதிரணியின் கூட்டு வலியதே. ஆயினும் ஒன்றுகூட எஞ்சாமற்போனதைக் கூட்டுக்கணக்கு மட்டும் விளக்கிவிடாது. தோற்ற அத்திங்களிலேயே ‘எச்’ அட்டை திரும்பப் பெறப்பட்டது; விலையில்லா மின்சாரம் மீண்டது. அரசே ஒப்புக்கொண்ட கரணியத்திற்கு வேறு சான்றெதற்கு?

இதுவரை யாவரும் அறிந்த செய்தி. அறியாத செய்தி ஒன்றுண்டு. பங்கீட்டில் வறியவர், வறியரல்லாதவர் என்று பிரிக்கும் முறையை 1997-இல் கொண்டுவந்தது நடுவண் அரசு. வறியவர்க்கெனத் தரும் அரிசிக்குக் கிலோவுக்கு 3 உரூபா 50 காசாக இருந்த வழங்குவிலையை 2000-இல் 5 உரூபா 90 காசாக உயர்த்தியதும், சின்னாளில் 25 காசு மட்டும் குறைத்ததும் அவ்வரசே. தமிழ்நாட்டுக் கடையிலோ விலை 3 உரூபா 50 காசு. இடைவெளியைத் தமிழ்நாட்டுக் கருவூலம் தாங்க வேண்டியதாயிற்று. கத்தியை ஏழையின் பக்கம் திருப்பியவர் சென்னையிலிருந்தவர். தீட்டிக் கொடுத்தவர் தில்லியிலிருந்தவர்.

அந்த 2000-இல் தில்லி அமைச்சரவையில் இருந்தவர் யார்? தி.மு.க. இருந்தது, பா.ம.க.வும் இருந்தது. சிதம்பரம் தொகுதியின் உறுப்பினர் பொன்னுசாமியே அன்று நடுவண் இணையமைச்சர். அவரே 2004-இல் மீண்டும் சிதம்பரத்தில் வென்றார், கடலூரில் தி.மு.க.வின் வேங்கடபதி வென்றார். அரிசியைக் குறைத்ததற்காக ஒரு கையை வெட்டிய மக்கள், அரிசி விலையை ஏற்றிய அவையில் அமர்ந்திருந்த மற்றொரு கைக்கு மாலையிட்டார்கள். சாதிக் கணக்கும் இதில் உண்டுதான். அத்தேர்தலில் திருமாவளவன் இரண்டாமிடம் பெற்றதை அறிந்தோர் அதை மறுக்கார். ஆனால் மக்கள் மேல் குற்றமென்ன? கடைக்காரரின் எடைக்கல் கண்ணுக்குத் தெரிகின்றது. தில்லியின் எடைக்கல் தெரியவில்லை. தெரியவைக்க வேண்டியவர்கள் எங்கிருந்தார்கள்? சொற்பிறப்பு ஆய்ந்துகொண்டிருந்தார்கள்!

ஈழத்தமிழர் கண்ட வரலாறு இதனினும் கொடிது. 1953-இல் இலங்கையரசு பங்கீட்டரிசியின் விலையை 25 காசிலிருந்து 70 காசாக ஏற்றியது. ஆகட்டுத் திங்கள் 12-ஆம் நாள் நாடே கடையடைத்துக் கிளர்ந்தது. தலைமையமைச்சர் தட்லி சேனநாயக்கா அவ்வாண்டே விலகினார். 1956 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தவை 8 இடங்கள். அச்சினத்தை அறுவடை செய்தவர் பண்டாரநாயக்கா. ஆட்சிக்கு வந்த சில கிழமைகளுக்குள் அவர் நிறைவேற்றியது சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம். பசித்தவன் சினத்துக்குத் தானாக மொழி வாய்ப்பதில்லை. தமிழகத்தில் 1967-இல் அச்சினத்தருகே தமிழ் நின்றது. இலங்கையில் 1956-இல் சிங்கள வெறி நின்றது. 2004-இல் கடலூர்க் கடைவரிசையில் தேர்தற் கட்சிகளைத் தவிர எவரும் நிற்கவில்லை.

நிற்காததால் வந்த விளைவு ஈராண்டில் தெரிந்தது. 2006-இல் கடலூர்த் தொகுதி தி.மு.க.வுக்குப் போனது, சிதம்பரமும் புவனகிரியும் அ.தி.மு.க.வுக்கே திரும்பின. ஆட்சியைப் பிடித்த கட்சி கிலோ 2 உரூபா என்றது, 2008-இல் 1 உரூபா என்றது. 2011-இல் வந்த கட்சி விலையே இல்லை என்றது. ஏழை இதனால் வாழ்ந்தான். அதைப் பழிப்பவர் பசியறியாதவர்.

2013-இன் உணவுச் சட்டத்தில் தமிழ்நாடு 2016 நவம்பர் முதல் நாளிலிருந்து சேர்ந்துள்ளது. தில்லியின் கணக்கில் தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களில் 62.55 விழுக்காட்டினரும், நகர்மக்களில் 37.79 விழுக்காட்டினருமே அரிசிக்கு உரியவர். எஞ்சியோர்க்கும் சேர்த்துத் தமிழ்நாட்டுக் கருவூலமே ஈடுசெய்து வழங்கி வருகின்றது. கடலூர் முதுநகர் மீனவரோ, கிள்ளை உழவுத் தொழிலாளரோ இதனை அறிவாரா? எவரும் அவரிடம் சொன்னதில்லை.

ஆகவே தோழர்களே, வரும் திங்களிலிருந்து அரிசி போடும் நாள்களில், திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்திலும் கடைக்கு இருவராகச் சென்று நில்லுங்கள். தில்லி தருவதெவ்வளவு, என்ன விலைக்கு, தமிழ்நாடு இடுவதெவ்வளவு என்று நல்ல தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தட்டி எழுதிக்கொள்ளுங்கள். கேட்பவர்க்கு விளக்குங்கள், படிக்கவியலாத தாய்மார்க்குப் படித்துக் காட்டுங்கள். மூட்டை தூக்க ஆளில்லையெனில் அதற்கும் கைகொடுங்கள்.