அளவீட்டின் நேர்மை: ஸ்வீப்பும் பட்டையகலமும்



அலைகளை அளப்பது பற்றிய இந்த மாநாடு ஜொகூரின் செனாயில் கூடுவது மிகப் பொருத்தம். 1974இல் திறக்கப்பட்ட விமான நிலையம் இங்கே இருக்கிறது. அருகே ஸ்கூடாயில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்; சுற்றிலும் மின்னணுத் தொழிற்சாலைகள். நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் ஒலி 96.8 வானொலியை ஜொகூர்த் தமிழர் நன்கறிவர். அந்தப் பண்பலைப் பட்டை 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரின் பட்டை அதே 108இல் தொடங்கி 112 வரை செல்கிறது. 118இலிருந்து விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசும் பட்டை. வலுத்த ஒலிபரப்புக்குப் பக்கத்திலேயே உயிர்காக்கும் மெல்லிய அலைகள் இருக்கின்றன. இவற்றைப் பிரித்துக் காட்டும் கருவிதான் ஸ்பெக்ட்ரம் அனலைசர்.

இன்று அந்தக் கருவியில் ‘ஆட்டோ’ பொத்தானை அழுத்தினால் படம் வந்துவிடுகிறது. அந்தப் படத்தை எப்போது நம்பலாம் என்பதே நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி. விடை இரண்டு சுற்றுகளுக்குள் இருக்கிறது.

முதலாவது, அதிர்வெண் பரப்பை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துழாவும் ஸ்வீப் சுற்று. மாறாத மின்னோட்டம் ஒரு மின்தேக்கிக்குள் பாயும்போது அதன் மின்னழுத்தம் நேர்கோடாக ஏறும். உச்சத்தைத் தொட்டதும் ஒப்பீட்டுச் சுற்று அதை வெறுமையாக்கும். அது கீழிறங்கும் நேரத்தில் திரையில் கோடு மறைக்கப்படும். இப்படிப் பிறக்கும் ரம்பப்பல் அலை இரண்டு வழியாகப் பிரிகிறது. ஒன்று திரையின் கிடைமட்ட அச்சை நகர்த்துகிறது. மற்றொன்று உள் அலையியற்றியின் அதிர்வெண்ணை நகர்த்துகிறது. இரண்டும் ஒரே அலையின் பிள்ளைகள் என்பதால்தான் திரையில் ஓர் இடம் என்றால் ஓர் அதிர்வெண் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அலையியற்றிக்குச் செல்லும் வழியில் அந்த அலையை எவ்வளவு குறைக்கிறோமோ, அவ்வளவு குறுகிய அதிர்வெண் பரப்பைப் பார்க்கிறோம். நுண்ணலைக் கருவிகளில் காந்தப்புலத்தால் இசைக்கப்படும் யிக் அலையியற்றி இருக்கும். அதன் முதன்மைச் சுருளில் மின்னோட்டம் மாறினாலும் காந்தப்புலம் சற்றுத் தாமதமாகவே மாறும். ஆகவே அகன்ற பரப்புக்கு முதன்மைச் சுருள், குறுகிய பரப்புக்குத் தனியான சிறு சுருள் என்று வேலை பிரிக்கப்படுகிறது.

இரண்டாவது, பட்டையகலச் சுற்று. அளக்கவேண்டிய அலையை உள் அலையியற்றியின் அலையோடு கலக்கும் கலப்பியிலிருந்து வரும் இடைநிலை அதிர்வெண் வரிசையாக நிற்கும் பல வடிகட்டிகளைக் கடக்கிறது. அகன்ற பட்டைக்கு மின்தூண்டியும் மின்தேக்கியும். குறுகிய பட்டைக்குப் படிகம். பழைய அனலாக் கருவிகளில் இவற்றின் அகலத்தைப் பின் டையோடுகள் மாற்றின. டையோடில் செலுத்தும் நேர்மின்னோட்டத்தை மாற்றினால் உயர் அதிர்வெண்ணுக்கு அது தரும் மின்தடை மாறும். அந்தத் தடை ஒத்ததிர்வின் கூர்மையை மழுக்கி, பட்டையை விரிக்கும். பட்டை மாறும்போது பெருக்கமும் மாறிவிடாதபடி வேறொரு சுற்று ஈடு செய்யும்.

இந்த இரண்டு சுற்றுகளும் ஒன்றையொன்று கட்டுப்படுத்துகின்றன. குறுகிய வடிகட்டி ஓர் அலைக்கு முழுமையாக எழும்ப அதிக நேரம் கேட்கும். ஸ்வீப்போ அந்தப் பட்டையை விரைவில் கடந்துவிடும். தராசு முள் நிற்குமுன் எடையைப் படிப்பது போன்ற தவறு அது. உச்சம் உண்மையைவிடக் குறைந்து, ஸ்வீப் செல்லும் திசையில் நகர்ந்து, அகன்று தெரியும். ஆகவே ஸ்வீப் நேரம், பரப்பைப் பட்டையகலத்தின் வர்க்கத்தால் வகுத்து, ஏறத்தாழ 2.5ஆல் பெருக்கிய அளவுக்காவது இருக்க வேண்டும். 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 20 மெகாஹெர்ட்ஸ் பரப்பை 100 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் பார்க்க 5 மில்லிவினாடி போதும். பட்டையை 1 கிலோஹெர்ட்ஸாகச் சுருக்கினால் 50 வினாடி தேவை. அகலம் நூறில் ஒன்றாகும்போது நேரம் பத்தாயிரம் மடங்காகிறது. இதற்குப் பலனும் உண்டு: பட்டை பத்தில் ஒன்றாகும்போதெல்லாம் இரைச்சல் தளம் 10 டெசிபெல் இறங்கும், மறைந்திருந்த மெல்லிய அலை வெளிப்படும்.

இத்தகைய கருவிகளைச் செய்யும் ஹியூலெட்-பேக்கர்ட் பினாங்கில் 1972இல் கால் பதித்தது. அதன் அளவுக் கருவித் தொழில் 1999இல் அஜிலென்ட்டாகவும் 2014இல் கீசைட்டாகவும் பெயர் மாறி அங்கே தொடர்கிறது. இக்கருவிகளைச் செய்யும் கைகள் நம் நாட்டில் இருக்கின்றன. அவற்றின் உள்ளத்தை அறிந்த அறிவும் நம்மிடம் நிலைக்க வேண்டும். புதிய கருவிகள் எண்முறைக் கணிப்பால் வேகமாகப் பார்க்கின்றன என்பது உண்மை. அங்கும் கூர்மையான பிரிதிறன் வேண்டுமானால் அலையை நீண்ட நேரம் பதிவு செய்தே ஆக வேண்டும். இயற்கை அந்த விலையைத் தள்ளுபடி செய்வதில்லை.

தொழிற்சாலைகளுக்கு இது ஏட்டுப் பாடமன்று. வீட்டுச் சாதனங்கள் உமிழும் இடையூற்று அலைகளை 30 முதல் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்க, பன்னாட்டு விதி 120 கிலோஹெர்ட்ஸ் பட்டையை வகுத்திருக்கிறது. வேறு பட்டையில் எடுத்த எண்ணை அந்த விதியின் வரம்போடு ஒப்பிட்டால், குறையுள்ள பொருள் தேறிவிடலாம். நல்ல பொருள் தோற்றுவிடலாம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஆய்வுக்கூடத்தில் முதல் பாடத்தை ‘ஆட்டோ’வை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள், ஸ்வீப் விரையும்போது உச்சம் சரிவதை மாணவர் தம் கண்ணால் பார்க்கட்டும். இரண்டாவது, பிரிதிறன் பட்டையகலம், வீடியோ வடிகட்டியின் அகலம், ஸ்வீப் நேரம், டிடெக்டர் வகை ஆகிய நான்கும் குறிக்கப்படாத எந்த வரைபடத்தையும் அளவீடு என்று ஏற்காதீர்கள். இன்று வாசிக்கப்படும் முதல் கட்டுரையிலிருந்தே இந்த ஒழுங்கைக் கடைப்பிடிப்போம் என்று கேட்டுக்கொண்டு, மாநாட்டை மகிழ்ச்சியோடு தொடங்கிவைக்கிறேன்.