பழைய படகு எஞ்சினை வாங்குமுன்

மும்பையிலும் பெங்களூரிலும் கொச்சியிலும் தொழில் செய்துவரும் குமரிக் கரைத் தமிழர் பலர்க்கு ஊரிலிருந்து இப்படியொரு செய்தி வருவதுண்டு: "அண்ணே, பொழியூரில் ஒரு பழைய எஞ்சின் விலைக்கு வந்திருக்கிறது. பாதிப் பணம் கையில் உண்டு. மீதியை நீங்கள் அனுப்பினால் வாங்கிவிடலாம்." தங்கையின் நகையும் தமையனின் சேமிப்பும் சேர்ந்தே பெரும்பாலும் அந்த எஞ்சின் ஆகிறது. ஆகவே பணம் அனுப்புவோரும் அறிந்திருக்க வேண்டிய சில செய்திகளை இன்று எடுத்துரைக்க விழைகிறோம்.

பாறசாலையிலிருந்து மேற்கே கடலை நோக்கிச் சென்றால் பொழியூரை அடைகிறோம். கேரளக் கடற்கரையின் தென்கோடி அது. அடுத்த ஊராகிய நீரோடி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி மணலையும் அலையையும் பிரிக்கவில்லை. இரு பக்கத்தாரும் ஒரே கடலில் தொழில் செய்கின்றனர். ஒருவர் விற்கும் எஞ்சினை மற்றவர் வாங்குகின்றனர்.

படகின் பின்புறத்தில் மாட்டிக் கழற்றக்கூடிய இவ்வெஞ்சினை அரசு ஆவணங்கள் 'வெளிப்பொருத்தும் இயந்திரம்' என்கின்றன. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909இல் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்து புகழ்பெற்றார். 1980களில் இது கேரளக் கரையெங்கும் வேகமாகப் பரவியது. துடுப்பும் பாயும் கொண்டு போன வள்ளங்கள் எஞ்சினின் துணையால் நெடுந்தொலைவு செல்லத் தொடங்கின.

நம் கரையில் துறைமுகத்தின் அமைதியான நீரிலிருந்து புறப்படும் வாய்ப்பு எல்லார்க்கும் இல்லை. திறந்த மணற்கரையிலிருந்து படகைத் தள்ளி, அலை உடையும் இடத்தைக் கடந்தாக வேண்டும். அவ்விடத்தில் எஞ்சின் நின்றுபோனால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை அதைக் கவிழ்க்கும். ஆதலின் எஞ்சினைச் சோதிப்பது பணத்தைக் காப்பது மட்டுமன்று. உயிரைக் காப்பதும் ஆகும்.

பொழியூர்க் கரையில் ஒருமுறை இத்தகைய விற்பனை ஒன்றைக் கண்டு நின்றோம். விற்பவர் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார், எஞ்சின் முழங்கிற்று. வாங்க வந்த இளைஞர் மகிழ்ந்து பணத்தை எடுத்தார். உடன் வந்த முதியவரோ எஞ்சின் நின்றபின் அதன் மேற்பகுதியைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மக்களே, நாம வருமுன்னே இதை ஓட்டியிருக்காவ. ஆறட்டும், பொறவு இழு."

"ஒரே இழுப்புல பிடிச்சுதே, பாட்டா!"

"சூடான எஞ்சின் யாருக்கும் ஓடும். விடியாத நேரத்துல ஆறிக் கிடக்கிற எஞ்சின்தான் நமக்கு ஓடணும்."

ஆறியபின் இருபது முறை இழுத்தும் அது உயிர் பெறவில்லை. பணம் மடிக்குத் திரும்பிற்று. அன்று அம்முதியவர் கற்பித்ததே முதல் விதி: ஆறிய எஞ்சினையே சோதிக்க வேண்டும்.

இனி மற்றச் சோதனைகளை வரிசையாகக் காண்போம். முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அதன் முனை இளம்பழுப்பாக இருப்பின் நன்று. கரி படிந்து ஈரமாக இருப்பின், எரிபொருளோ எண்ணெயோ மிகுந்திருக்கலாம். அல்லது பொறி வலுவற்றிருக்கலாம். வெளுத்துக் கொப்பளித்திருப்பின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. நீர்த்துளி தென்பட்டால் உள்ளே நீர்க்கசிவு உண்டெனச் சந்தேகிக்கலாம்.

அடுத்து, அழுத்தமானியைப் பிளக் துளையில் பொருத்திக் கயிற்றை இழுத்தால் சிலிண்டரின் அழுத்தம் தெரியும். இரு சிலிண்டர் உள்ள எஞ்சினில் இரண்டும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேற்றுமை இருப்பின், பிஸ்டன் வளையமோ சிலிண்டரோ தேய்ந்திருக்கலாம். இது பெருஞ்செலவு வைக்கும் பழுது.

மூன்றாவதாக, கீழ்ப்பகுதியிலுள்ள திருகைத் தளர்த்திக் கியர் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். அது பால்போல் வெளுத்திருந்தால் கடல்நீர் உட்புகுந்துள்ளது என்று பொருள்.

நான்காவதாக, நன்னீர் நிறைந்த பீப்பாயில் எஞ்சினின் அடிப்பகுதியை அமிழ்த்தி ஓட்டுங்கள். நீரின்றி ஓட்டுவது பெருந்தவறு. குளிர்நீரை ஏற்றும் ரப்பர்ச் சக்கரம் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். ஓடும்போது பக்கத்திலுள்ள சிறு துளையிலிருந்து நீர் இடையறாது பீச்ச வேண்டும். கால் மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மீண்டும் இழுத்துப் பாருங்கள். பீப்பாயில் நன்றாக ஓடுவதும் சுமையோடு ஓடுவதும் ஒன்றல்ல. ஆகவே பூவாற்றில் நெய்யாறு கடலை அடையுமுன் பரந்து கிடக்கும் அமைதியான நீரிலே ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தபின் கடலுக்குக் கொண்டுசெல்வது நலம்.

நம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்கள் மிகுதி. அவற்றைப் பெட்ரோலில் தொடங்கி, நன்கு சூடேறிய பின்பே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அவசரப்பட்டு மாற்றினால் எஞ்சின் திணறி நிற்கும். அது அலை உடையும் இடமாயின் நிலைமை என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. கரைக்குத் திரும்பி நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது ஓட்ட வேண்டும். அப்போதுதான் கார்புரேட்டரில் பெட்ரோல் நின்று, மறுநாள் தொடங்குவது எளிதாகும். எரிபொருளோடு எண்ணெய் கலக்க வேண்டிய எஞ்சினில் அதனை உற்பத்தியாளர் சொன்ன அளவிலேயே கலக்க வேண்டும். சிக்கனம் கருதிக் குறைத்தால் பிஸ்டன் இறுகிப் பிடித்துவிடும்.

கடலில் எஞ்சின் நின்றால் அது நின்ற விதத்தை நினைவுகூருங்கள். விளக்கை அணைத்தாற்போல் திடீரென நின்றால் முதலில் பிளக்கையும் மின்கம்பியையும் பாருங்கள். திணறித் திணறி நின்றால் எரிபொருள் வழியை ஆராயுங்கள். தொட்டியின் காற்றுத் துளை மூடியிருக்கிறதா? ரப்பர்க் குமிழை அழுத்தினால் எஞ்சின் உயிர் பெறுகிறதா? எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா? கண்ணாடிப் புட்டியில் சிறிது வடித்து வைத்தால் நீர் அடியில் தங்கிக் காட்டிக்கொடுக்கும். எஞ்சின் விரைந்து சுழன்றும் படகு நகராவிடில், விசிறியின் ஊசி முறிந்திருக்கலாம். பீச்சும் நீர் நின்றுவிட்டாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள். மணலோ நெகிழிப் பையோ நீர்வாயை அடைத்திருக்கும்.

வாங்குமுன் எஞ்சின் எண்ணையும் விற்பனைச் சீட்டையும் ஒத்துப் பாருங்கள். எல்லைக்கு அப்பாலிருந்து வாங்குவோர், பதிவும் மானிய எரிபொருளும் பற்றித் தம் மாநில மீன்துறை அலுவலகத்தில் கேட்டறிவது நன்று. ஒரு மாநிலத்து விதியே மற்றதிலும் செல்லும் என்று எண்ணலாகாது.

தொலைவில் வாழும் அன்பர்களே! எஞ்சின் வாங்கப் பணம் வேண்டும் என்று தம்பி கேட்கும்போது விலையை மட்டும் கேளாதீர்கள். ஆறிய எஞ்சினை இழுத்துப் பார்த்தாயா, கியர் ஆயில் என்ன நிறம், அமைதியான நீரில் சுமையோடு ஓட்டினாயா என்று மூன்று கேள்விகள் கேளுங்கள். தம்பி கோபித்துக்கொள்ளவும் கூடும். எனினும் விடை வந்தபின் அனுப்பும் பணம் ஒரு நாள் தாழ்ந்து சேர்வதால் கேடொன்றுமில்லை. அலையின் நடுவே நின்றுபோகும் எஞ்சினுக்கோ அந்த ஒரு நாள் தவணை கிடைப்பதில்லை.