மஞ்சள் பேருந்து நிற்கிறது



பள்ளிப் பேருந்து நெரிசலான சாலையில் நின்றதுமே பின்னால் ஹாரன் அலறுகிறது. அவசரம் எல்லோருக்கும் உண்டுதான். ஆனால் பேருந்துக்கு இடப்பக்கம் கிடைத்த சந்தில் பைக்கை நுழைக்கிறோமே, அங்கேதான் குழந்தை படியில் கால் வைக்கிறது!

2012இல் சென்னை அருகே, பேருந்தின் அடித்தள ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகே தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன. 2022இல் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின. நல்லது. ஆனால் பக்கவாட்டில் பாயும் பைக்கை எந்தக் கேமராவும் தடுக்காது.

அமெரிக்காவில் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நின்றால், பின்னால் வரும் வண்டி நின்றே ஆகவேண்டும், அது சட்டம்.

பெற்றோரே, பேருந்து வரும் பக்கத்திலேயே பிள்ளையோடு காத்திருங்கள். வண்டி ஓட்டுபவர்களே, கதவு மூடும்வரை தயவுசெய்து பொறுங்கள்.