நெஞ்சுக் கதிர்வீச்சுச் சிகிச்சையின் பின் தோன்றும் மூச்சிளைப்பு

(முதியோர் நல ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



மார்பகம், நுரையீரல், உணவுக்குழாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கு நெஞ்சில் கதிர்வீச்சுச் சிகிச்சை அளிக்கப்படும்போது, கதிர்கள் செல்லும் வழியில் நுரையீரலின் ஒரு பகுதியும் அகப்படுவதுண்டு. அதன் விளைவு அன்றே தெரிவதில்லை. பெரும்பாலும் சிகிச்சை முடிந்து 1 முதல் 6 மாதங்களுக்குள் அப்பகுதி அழற்சி கொள்ளலாம். வறட்டு இருமல், படியேறுகையில் மூச்சிளைப்பு, இலேசான காய்ச்சல் என்பன அதன் அறிகுறிகள். எல்லோருக்கும் இது நேர்வதில்லை. நேர்ந்தோரிலும் சிலருக்குத் தானே தணிந்துவிடும்.

இவ்வறிகுறிகள் நெஞ்சுச் சளியை ஒத்திருப்பதே இடர். நோயாளி குடும்ப வைத்தியரிடம் இருமல் என்று மட்டும் கூறுகிறார். அன்டிபயோட்டிக் மாத்திரை பெறுகிறார். குறையாததால் மீண்டும் மாத்திரை. கிருமியால் வராத அழற்சியை அது தீர்ப்பதில்லை. தேவையானோர்க்கு அளிக்கப்படுவது பிரெட்னிசொலோன் போன்ற ஸ்டீரொய்ட் மருந்தாகும். சுகம் கண்டவுடன் அதனைத் தாமாக நிறுத்தலாகாது. வைத்தியரே படிப்படியாகக் குறைப்பார்.

ஆண்டுகள் கழிந்தபின் அவ்விடம் தழும்பேறி இறுகுவதும் உண்டு. தழும்பை அகற்ற இயலாது. எனினும் புகைத்தலைக் கைவிடுதல், சளிக்காய்ச்சல், நிமோனியாத் தடுப்பூசிகள், மூச்சுப் பயிற்சி வகுப்பு ஆகியன பெரிதும் உதவும்.

மகரகமவிலோ தெல்லிப்பழையிலோ சென்னையிலோ சிகிச்சை பெற்றுப் பின்னர் பிரித்தானியாவுக்கு வந்தவரின் பழைய விபரம் இங்குள்ள வைத்தியரின் கணினியில் இராது. நம்மவரோ அந்நோயின் பெயரை வீட்டிலேயே உச்சரிக்கத் தயங்குவர். மகளின் திருமணப் பேச்சு முடியட்டும் என்று மறைப்போரும் உளர். நீதிமன்றில் சாட்சி கேட்ட வினாவுக்கு விடை கூறினால் போதும். வைத்தியரின் அறையிலோ கேளாததையும் கூறவேண்டும். எந்த ஆண்டு, நெஞ்சின் எப்பக்கம், எந்த வைத்தியசாலை என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுசெல்வது நன்று. பழைய சிகிச்சை அட்டை இருப்பின் அதுவும் வேண்டும்.

என்.எச்.எஸ். சேவையில் உரைபெயர்ப்பாளருக்குக் கட்டணமில்லை. நேரம் பதியும்போதே கேட்டுப் பெறலாம். கேட்டதை அவர் வெளியிடலாகாது. மகனை உரைபெயர்க்க அழைத்துச் செல்லும் தாய், அவன் முன்னிலையில் கூறாமல் விடுவது இந்த ஒன்றைத்தான்.

இருமலில் இரத்தம் கண்டால் அன்றே வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும். ஒரு வசனத்தை முடிக்க இயலாதவாறு மூச்சு முட்டினாலோ, திடீரென நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, இரத்தம் மிகுதியாக வந்தாலோ உடனே 999 இலக்கத்தை அழைக்க வேண்டும். அழைப்பில் “தமிழ்” என்று கூறினால் உரைபெயர்ப்பாளரை இணைப்பர்.