பழைய வீதிகளில் ஒரு நாள்

சுங்கை பாக்காப்பிலிருந்து பட்டர்வொர்த் சென்று பெரியில் ஏறினால் ஜார்ஜ் டவுன். இத்தனை அருகில் இருந்தும், எங்கள் தோட்டப் பள்ளிப் பிள்ளைகள் பலர் அந்நகரின் பழைய வீதிகளில் நடந்ததில்லை. ஒரு நாள் அழைத்துச் சென்றோம்.

கார்ன்வாலிஸ் கோட்டையில் வழிகாட்டி, 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய கதையைச் சொன்னார். லைட்டின் உருவப்படம் கிடைக்காததால், சிலையை அவர் மகன் வில்லியமின் சாயலில் வார்த்தார்களாம்! பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும், "நம்மவர்கள் எப்போது வந்தார்கள், டீச்சர்?" என்றாள். ரப்பரோடு வந்தோம் என்றே வீட்டில் கேட்டு வளர்ந்தவள்.

பதில் சொல்லாமல் சூலியா வீதிப் பக்கம் நடத்திச் சென்றோம். சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு வழங்கிய பெயர். அவர்களின் தலைவர் காதர் முகைதீன் 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்தோம். குவின் வீதியில் மகா மாரியம்மன் கோயில், ஆண்டு 1833. ரப்பர் கன்று மலாயாவுக்கு வந்ததோ 1877இல்தான் என்றோம்.

அவள் நோட்டை எடுத்துக் கழித்தாள்.

"எழுபத்தாறு வருஷம் முன்பேவா, டீச்சர்?"

திரும்பும் பெரியிலும் அந்தக் கணக்கைத்தான் தோழிகளுக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.