மூத்த பூனைக்கு ஏற்ற உணவு



திருப்பூர் வட்டாரத்தில் நூல் மூட்டைகளும் துணிச் சுருள்களும் அடுக்கிய கிடங்குகள் மலிந்துள்ளன. எலி புகுந்தால் அங்கே நஷ்டம் நேரும். அந்த நஷ்டத்தைத் தடுக்கும் சம்பளமில்லாக் காவலாளி பூனை. அக்காவலாளிக்குப் பத்து வயது கடந்து, பாயும் வேகமும் பல்லின் கூர்மையும் குறைந்துவிட்டால், அதற்கு நாம் இடும் உணவு என்ன? பெரும்பாலும் பால்சோறு அல்லது தயிர்சோறுதான்.

“இத்தனை ஆண்டுகள் தயிர்சோற்றில்தானே வாழ்ந்தது?” என்று கேட்பார்கள். அங்கேதான் கணக்குத் தவறுகிறது. அது சோற்றில் மட்டும் வாழவில்லை; நமக்குத் தெரியாமல் எலியையும் தின்று வாழ்ந்தது. பூனை ஊனுண்ணிப் பிராணி. டாரின் என்னும் சத்தைத் தேவையான அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. ஊனிலிருந்தே பெற வேண்டும். அச்சத்து இல்லாவிடில் பூனையின் விழித்திரை சிதையும் என்பதை 1975ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர். இருதயத் தசையும் தளரும் என்பது 1987இல் தெளிவாயிற்று. ஆகவே, வேட்டை நின்ற நாளிலிருந்து தயிர்சோறு மட்டும் இடுவது, உணவிட்டுக்கொண்டே பட்டினி போடுவதாகும்.

அடுத்தது நீர். பூனையின் மூதாதையர் பாலைநிலத்துக் காட்டுப் பூனைகள். இரையின் உடலிலுள்ள ஈரமே அவற்றுக்குப் பெரும்பகுதி நீராயிற்று. அவ்வழி வந்த வீட்டுப் பூனையும் குறைவாகவே நீர் பருகும். முதுமையில் சிறுநீரக நோய் மிகுதியாக வருவதால், ஈரமுள்ள உணவே நலம். உலர் உணவு தருவதானால் நீர் கலந்து கொடுக்கலாம்.

என் வீட்டில் 14 வயதுப் பூனை ஒன்று உண்டு. பல்லடத்துக் கோழி இறைச்சியையோ, அமராவதி அணை மீனையோ உப்பின்றி வேகவைத்து, எலும்பும் முள்ளும் நீக்கி, மசித்துக் கொடுக்கிறேன். வெந்த நீரில் சத்து இறங்கியிருக்கும். அதையும் சேர்த்தே இடுகிறேன். வெதுவெதுப்பாக இருந்தால் மணம் எழும். மோப்பம் மங்கிய பூனையும் விரும்பி உண்ணும். ஆயினும் தனி இறைச்சியில் சுண்ணாம்புச் சத்துப் போதாது. ஆதலால் மூத்த பூனைக்கென்றே தயாரித்த முழு உணவு அதன் பெரும்பங்காக இருக்கிறது. ஒரே வேளையில் குவிக்காமல், நாளில் நான்கு முறை சிறிது சிறிதாக இடுகிறேன்.

வெங்காயமும் பூண்டும் பூனையின் இரத்த அணுக்களை அழிக்கும். கறிக்குழம்பில் மிஞ்சியதை இடலாகாது. கருவாட்டில் உப்பு மிகுதி. ஈரலை எப்போதேனும் சிறு துண்டாகத் தரலாம். நாள்தோறும் தந்தால் ஏ வைட்டமின் மிஞ்சி எலும்பைக் கெடுக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை.

முதுமை என்பதற்காகவே ஊனைக் குறைப்பதும் தவறு. தசை விரைந்து கரையும். குறைக்க வேண்டிய நோய் இருக்கிறதா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, பிறகு உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். நன்றாக உண்டும் எடை குறைந்தாலோ, ஒரு நாள் முழுவதும் உண்ணாதிருந்தாலோ, தாமதிக்க வேண்டாம். பட்டினி நீடித்தால் பூனையின் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பல ஊர்களில் கால்நடை மருந்தகங்களும் உள்ளன.

உழைத்து ஓய்ந்த உயிருக்கு இரக்கம் மட்டும் போதாது. அதன் உடலை அறிந்து உணவிடும் அறிவும் வேண்டும்.